பத்துக்கு எத்தனை?

1

பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். "வயித்தக் கிழிக்க மாட்டாங்களாம், நாலு ஓட்டைதானாம், மூணாம் நாள் வீட்டுக்கு வந்துரலாமாம்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவருக்குச் சரம் பின்னும் வேலை. சின்ன வயதில் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியவர். பின்னிய சரத்துக்குத்தான் கூலி. சும்மா படுத்திருக்கிற நாளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தார். இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் அட்டையும் பேனாவும்.

"அம்மா, வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற மாதிரி இருந்திருக்கும்.

"பரவாயில்ல தாயி."

"நம்பரா சொல்லுங்கம்மா."

"அதான் பரவாயில்லன்னு சொல்றேன்ல."

நர்ஸ் ஒரு நொடி யோசித்தார். அட்டையில் 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியம்மா என்னை எழுப்பினார். வயிறு இல்லையாம், வலது தோள்பட்டையாம். "சரம் பின்னிப் பின்னித் தேஞ்சு போச்சு போல எய்யா. நாள முழுக்க உக்காந்த எடத்துல உக்காந்து... நீ தூங்கு, காலைல பாத்துக்கிடலாம்." முகம் வேர்த்திருந்தது. மூச்சை முழுதாக இழுக்காமல் பாதியிலேயே விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். டிரிப்ஸ் குழாய் வழியாக ஓர் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் பெரியம்மா தூங்கிவிட்டார்.

நான் தூங்கவில்லை. அந்த 2 என்ற எண் எங்கிருந்து வந்தது, அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேட ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் வாசித்ததன் சுருக்கம் இந்தக் கட்டுரை.

2

முதலில் தோள்பட்டை. அதற்கும் சரம் பின்னியதற்கும் சம்பந்தமில்லை.

சிறுதுளை அறுவையில் வயிற்றுக்குள் கேமராவை விட்டால் மட்டும் எதுவும் தெரியாது. உறுப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். அதனால் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை உள்ளே செலுத்தி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்கி நிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் வாயுவை வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் போய் நிற்கும். ஈரத்தில் கரைந்து லேசான அமிலமாகி அங்கே உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. எந்தக் கிளையில் இருந்து சேதி வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் உறுத்தலைத் தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது.

டாக்டர்களுக்கு இது பாடப் புத்தகச் சங்கதி. பெரியம்மாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாததால் வலியை அவர் தன் வேலையின் கணக்கில் எழுதிக்கொண்டார். நான் எழுந்து போகாமல் இருந்திருந்தால் காலை வரைக்கும் பொறுத்துக் கிடந்திருப்பார். அட்டையில் அந்த 2 அப்படியே இருந்திருக்கும்.

3

சின்னத் துளை என்றால் சின்ன வலி என்று நாம் நம்புகிறோம். அப்படி நம்ப வைக்கும் அளவுக்கு இந்தச் சிகிச்சை வந்த வழி நீளமானது.

1901-இல் ஜெர்மனியின் கேயார்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றை அடைத்து, குழாய் விட்டுப் பார்த்துக் காட்டினார். 1910-இல் ஸ்வீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயுஸ் அதை மனிதர்களிடம் செய்ததை எழுதினார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு இது எட்டிப் பார்க்கிற கருவியாகவே இருந்தது. 1980-இல் கீல் நகரத்தின் மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் குடல்வாலைத் துளை வழியாகவே எடுத்தார். பாராட்டு கிடைக்கவில்லை, அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்றே சக மருத்துவர்கள் குரல் கொடுத்தார்கள், மூளையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. 1985-இல் எரிக் மூயே இதே வழியில் பித்தப்பையை எடுத்தபோதும் கேலிதான். பெரிய சர்ஜன் என்றால் பெரிய கீறல் போடுவார் என்பது அன்றைய மருத்துவ உலகத்தின் கௌரவம்.

1987-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் பிலிப் மூரே செய்த பிறகுதான் காற்று திரும்பியது. மூன்றே வருடத்தில், 1990-இல், பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உட்வாடியா துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் அது முதல் முறை. அடுத்து வந்த வருடங்களில் கோவையில் சி. பழனிவேலு போன்றவர்கள் தமிழ்நாட்டில் இதைப் பரப்பினார்கள்.

ஆனால் இந்தியப் பெண்களின் வயிற்றுக்குள் அந்தக் குழாய் இதற்கும் முன்பே நுழைந்திருந்தது. 1970-களின் கடைசியிலிருந்து, குறிப்பாக 1980-களில், குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் லேப்ராஸ்கோப்பிக் கருத்தடை நடந்தது. வரிசையில் படுக்க வைத்து, லேசான மயக்கத்தில், ஆளுக்குச் சில நிமிடங்கள். இலக்கு எண்ணிக்கையில் இருந்தது. வலியின் எண்ணைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் இந்த ஆபரேஷன் நடந்து, அவர்களில் பலர் இறந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் மூன்று வருடத்துக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது.

ஆக நம்ம நாட்டில் சிறுதுளை அறுவைக்கு இரண்டு வரலாறுகள். ஒன்று நவீன மருத்துவமனையின் வரலாறு, "மூணாம் நாள் வீட்டுக்குப் போலாம்" என்பது அதன் வாக்குறுதி. இன்னொன்று முகாமின் வரலாறு. "ஒண்ணும் இல்லம்மா, எந்திரிச்சு நட" என்பது அதன் பழக்கம். பெரியம்மா வலியைப் பற்றிப் பேசியபோது இரண்டாவதின் பாஷையில்தான் பேசினார்.

4

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் முதல் நாள் வலி அடங்க வேண்டும். வலித்தால் இரும முடியாது, மூச்சை முழுதாக இழுக்க முடியாது, எழுந்து நடக்க முடியாது. நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். அப்போது துளை சின்னதாக இருந்து என்ன பிரயோஜனம்?

உலகம் முழுக்க அறுவைக்குப் பின்னான வலிக்கு நீண்ட காலமாக இருந்த பதில் அபினி வழி வந்த மார்ஃபின். வினோதம் என்னவென்றால், அபினியைச் சட்டப்படி விளைவித்து உலக மருந்துத் தேவைக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இந்தியா. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத்தின் அபினி ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம். மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைகள் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது, ஒன்றின் தேதி முடிந்தால் மற்றதும் செல்லாது. எதற்கு வம்பு என்று பலரும் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். வருடத்துக்குச் சுமார் 600 கிலோவாக இருந்த இந்திய மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவுக்கு வந்துவிட்டது. கேரளாவின் எம்.ஆர். ராஜகோபால் போன்ற வலித்தணிப்பு மருத்துவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ஃபின் மறைந்துகொண்டிருந்த அதே 1990-களில்தான் சிறுதுளை அறுவை பரவுகிறது. அந்தக் காலி இடத்தில் பெண்டாசோசின், டிராமடால் போன்றவை வந்தன. அவற்றோடு, உரிமம் எதுவும் தேவைப்படாத, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற இன்னொரு குடும்பமும் வந்தது. அழற்சியைத் தணிக்கும் வலி ஊசிகள்.

5

நம்ம ஊரில் அதன் பெயர் "வோவரான் ஊசி". பல்லுக்கும் அதுதான், முதுகுக்கும் அதுதான், வண்டியில் விழுந்தாலும் அதுதான். உள்ளே இருப்பது டைக்ளோஃபினாக். ஸ்விட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் 1960-களில் ஆல்ஃபிரட் சால்மனும் ருடால்ஃப் ஃபிஸ்டரும் உருவாக்கியது. 1974-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பது அதற்குக் கொஞ்சம் முன்புதான் தெரிந்திருந்தது. 1971-இல் பிரிட்டனின் ஜான் வேன் ஆஸ்பிரின் எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். திசு காயப்பட்டால் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது நரம்பு நுனிகளை உசுப்பி, சின்ன இழுப்பைக்கூடப் பெரிய வலியாக்குகிறது. ஆஸ்பிரினும் அதன் உறவுகளும் அந்தச் சுரப்பை நிறுத்துகின்றன. இதற்காக வேனுக்கு 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மார்ஃபின் மூளையிலும் தண்டுவடத்திலும் சேதியை அமுக்குகிறது. இந்த ஊசிகள் பெரும்பாலும் காயத்தின் வாசலிலேயே சேதியைச் சன்னமாக்குகின்றன. அதனால் மயக்கம் இல்லை, மூச்சு அடங்குவதில்லை, பழக்கமாவதில்லை.

ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின் வயிற்றின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிறது. அதன் உறவான இன்னொரு பொருள் ரத்தத் தட்டுகளை ஒட்ட வைக்கிறது. வலியை நிறுத்தும் கை இவற்றின் மேலும் படும். இந்த ஊசிகளை ஒப்பிடுகிறோம் என்றால், எது எவ்வளவு வலியைக் குறைக்கிறது, அதற்கு என்ன விலை வாங்குகிறது என்ற இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டைக்ளோஃபினாக்கின் வழக்கமான ஊசி 75 மில்லிகிராம், இடுப்புச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். அந்த ஊசியே நன்றாக வலிக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-இல் எச்சரித்தது.

இரண்டாவது, கீட்டோரோலாக். சின்டெக்ஸ் நிறுவனத்தின் மருந்து, அமெரிக்காவில் 1989 கடைசியில் அனுமதி பெற்றது. 30 மில்லிகிராம் ஊசி 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடு கொடுக்கும் என்று ஆரம்ப ஆய்வுகள் சொன்னபோது பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடிமையாக்காத மார்ஃபின்! கொஞ்ச வருடத்திலேயே ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மரணங்கள் என்று செய்தி வந்தது. 1993-இல் ஜெர்மனியும் பிரான்சும் நிறுத்தி வைத்தன. இன்றும் இதை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. வயது 65-ஐத் தாண்டியவர்களுக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், 50 கிலோவுக்குக் கீழே எடை உள்ளவர்களுக்கும் பாதி அளவுதான். பெரியம்மா 46 கிலோ.

மூன்றாவது, பரிகாக்ஸிப். ரத்தத் தட்டுகளைத் தொடாது, அதனால் கசிவு பயம் குறைவு. ஆனால் அந்தக் குடும்பத்து மாத்திரைகளான ரோஃபிகாக்ஸிப் 2004-லும், வால்டிகாக்ஸிப் 2005-லும் இதயப் பாதிப்புகளை ஒட்டிச் சந்தையை விட்டுப் போயின. பரிகாக்ஸிப் உடம்புக்குள் போனதும் வால்டிகாக்ஸிபாகத்தான் மாறுகிறது.

சரி, இதில் எது சிறந்தது? பித்தப்பை அறுவைக்குப் பிறகு ஒன்றோடு ஒன்றை மோதவிட்ட ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால், வலியைக் குறைப்பதில் இவற்றுக்கிடையே வித்தியாசம் சிறிது. பெரிய வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. வலி ஏறும் முன்பே கொடுக்கிறோமா, நோயாளி கெஞ்சிய பிறகா? நேரம் பார்த்துக் கொடுக்கிறோமா, நினைவு வந்தபோதா? கூடவே பாரசிட்டமால் போகிறதா? துளை போட்ட இடத்தில் மரத்துப்போகும் மருந்து செலுத்தினார்களா? அறுவை வாரியாக வலித்தணிப்புப் பரிந்துரைகளைத் தொகுக்கும் ஐரோப்பாவின் புராஸ்பெக்ட் குழு பித்தப்பைக்குச் சொல்வதும் இந்தக் கூட்டணியைத்தான்: பாரசிட்டமால், ஓர் அழற்சித் தணிப்பி, ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன், துளையிட்ட இடத்தில் மரப்பு மருந்து. மார்ஃபின் வகை எதுவும் மீறினால் மட்டும்.

அந்த ராத்திரி பெரியம்மாவுக்குக் கிடைத்த ஊசி நல்ல ஊசிதான். ஐந்து மணி நேரம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது. தடுத்தது அந்த 2.

6

அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டு ஊசிகளை ஒப்பிட வேண்டுமானால் வலியை அளக்க வேண்டும். காய்ச்சலுக்கு மானி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குப் பட்டை இருக்கிறது. வலிக்கு நோயாளியின் வாய் மட்டும்தான் கருவி. அதனால் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றைக் காட்டி எங்கே வலி என்று தொடச் சொன்னார்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டார்கள். ஒரு மணி, இரண்டு மணி, ஆறு மணி, இருபத்து நான்கு மணி என்று கேட்டுக் கேட்டுக் குறித்து, இந்த ஊசிக்காரர்களின் சராசரி இவ்வளவு, அந்த ஊசிக்காரர்களின் சராசரி அவ்வளவு என்று எழுதுகிறார்கள். மருந்து ஆராய்ச்சி என்ற பெரிய கட்டடத்தின் அஸ்திவாரத்தில், யாரோ ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன ஒரு சொல் கிடக்கிறது.

அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம்? இரண்டாம் உலகப் போரில், 1944-இல், இத்தாலியின் அன்ஸியோ கடற்கரைப் பக்கம் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் வேலை பார்த்தார். மோசமாகக் காயப்பட்டு வந்த வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பி, சாதாரண அறுவை நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, அதைவிடச் சின்னக் காயத்துக்கு அவர்களில் பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். பீச்சர் சொன்ன விளக்கம் எளிமையானது. போர்க்களத்தில் காயம் என்றால் உயிரோடு வீட்டுக்குப் போகலாம். காயத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் வலியின் அளவில் சேர்கிறது.

இதை வாசித்தபோது பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் கணக்கு நேர் எதிர். வலிக்குது என்றால் இன்னொரு நாள் இருக்கச் சொல்வார்கள். இன்னொரு நாள் என்றால் ரூம் வாடகை. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள், ஆலையில் வேலை மும்முரமாக இருக்கிற நேரம். அதோடு, அவர் வயதுப் பெண்களுக்கு வலியைச் சொல்வதே ஒரு மாதிரியான தோல்வி. அன்ஸியோ வீரன் வலிக்கவில்லை என்று நிஜமாகவே சொன்னான். பெரியம்மா வலியைச் சொல்லவில்லை. அட்டையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும்.

7

நோயாளி மறைத்தால் எண் பொய்யாகும். மருத்துவரே மறைத்தால்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் பேஸ்டேட் மருத்துவ மையத்தில் ஸ்காட் ரூபன் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். அறுவைக்குப் பின்னான வலிக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவர். அழற்சித் தணிப்பிகளின் புதிய வகைகள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார். உலகம் முழுக்க மருத்துவர்கள் அதை நம்பி மருந்து எழுதினார்கள். 2009-இல் வெளியே வந்தது: அவருடைய கட்டுரைகளில் 21-இன் தரவுகள் இட்டுக்கட்டியவை. சில ஆய்வுகளில் நோயாளிகளே கிடையாது. எந்தக் கட்டிலிலும் யாரிடமும் "பத்துக்கு எத்தனை" என்று கேட்கப்படவே இல்லை. மேசையில் உட்கார்ந்து எண்ணை எழுதியிருக்கிறார். 2010-இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னால் "எல்லாமே ஃபிராடு ப்ரோ" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய கட்டுரைகளை நீக்கி, மிச்சத்தை மறுபடி கூட்டிக் கழித்துப் பார்க்க முடிந்தது என்றால், உண்மையாகக் கேட்டு உண்மையாக எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான். எந்த நேரத்திலோ, எந்த வார்டிலோ, யாரோ ஒருவர் நோயாளி பக்கத்தில் நின்று பதிலுக்காகக் காத்திருந்தார்.

8

இதே ஊசிகளுக்கு இன்னோர் ஒப்பீடும் நடந்தது. அதில் வித்தியாசம் சிறிதாக இல்லை.

1990-களில் இந்தியாவின் பாறு கழுகுகள் செத்து விழ ஆரம்பித்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: டைக்ளோஃபினாக். மாட்டுக்குக் கால் வீங்கினால், மடி வீங்கினால் அதே ஊசி. மாடு செத்தால் அதைத் தின்கிற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, உறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். சில நாளில் மரணம். மனிதர்களுக்கு இந்த ஊசியைப் போடும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது எந்த உறுப்புக்காகவோ, அதே உறுப்பு.

மாற்றாக எதைக் கொடுக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த மெலாக்ஸிகாம் பாறுகளை ஒன்றும் செய்யவில்லை. மனித வார்டில் 3-க்கும் 4-க்கும் நடுவே ஊசலாடும் வித்தியாசம், பறவைக்கு உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

2006-இல் மாட்டு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனித உபயோகத்துக்கென்று 30 மில்லி பாட்டில் கடையில் இருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? மாட்டுக்கு. 2015-இல் மத்திய அரசு மனித ஊசியை ஒரு வேளை அளவுக்குள் மட்டும் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின.

திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் தின்றுவிட்டுப் போகும் என்று தாத்தா காலத்து ஆட்கள் சொல்வார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் கடைசிக்குப் பிறகு வரவில்லை. அந்த இரண்டையும் இந்த ஊசிதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவை வராமல் போனதை ஊர் கவனித்தது, ஏனென்றால் அவற்றுக்காகத் தினமும் ஒருவர் சோற்றோடு காத்திருந்தார். காத்திருக்க ஆள் இல்லாத இடங்களில் எத்தனை போயின என்பது எண்ணிப் பார்க்கப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது.

9

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்தார். பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, "எப்பய்யா வேலைக்குப் போலாம்?" பத்து நாள் ஓய்வு, வெயிட் தூக்கக் கூடாது என்றார். பெரியம்மா மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

இப்போது விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள், சரம் பின்னியவர்கள், குழாய் சுற்றியவர்கள் மதுரைக்குப் பஸ் ஏறாமலே வந்து படுக்கப் போகிற கட்டில்கள் அங்கே இருக்கின்றன. அங்கே படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதை வாசித்தால் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. எந்த ஊசி என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் "பரவாயில்ல" என்றால் அது எண் இல்லை. "இருமிப் பாருங்கம்மா", "திரும்பிப் படுக்க முடியுதா?", "பாத்ரூம் வரைக்கும் நடந்தீங்களா?", "தோள்பட்டை வலிக்குதா? வலிக்கும், அது கேஸ்தான், பயப்படாதீங்க" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும். முன்பே சொல்லி வைத்த வலியைப் பொறுப்பதும் எளிது, கேட்பதும் எளிது.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலையில் அதே நர்ஸ் அட்டையோடு வந்தார். பெரியம்மா எண்ணைத் தேடவில்லை.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனேன் தாயி. முந்தின ராத்திரிதான் உசுரு போச்சு. ஒங்கிட்டச் சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்."

அந்தப் பெண் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லியிருக்கலாம்லம்மா," என்றார்.